ஷிராகி எடுத்த கடவுள்

வழியில் எதிர்ப்படுகிறவர்களைக் கையசைத்து ஒதுக்குவது சலவைக்கடை ஷிராகி அண்ணனின் பழக்கம். பூனையை விரட்டுவதுபோல விரல்கள் மட்டும் அசையும். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்க்கிறேன். அவர் கண்ணுக்குள் எப்போதும் ஒரு படம் இருக்கும். நாங்கள்தான் அதன் குறுக்கே நின்றுகொண்டிருப்போம்.

அந்தப் படம் எங்கள் கோயிலின் தோரி வாயில். கடலுக்குள் இரண்டு சிவப்புத் தூண்கள், மேலே குறுக்குக் கட்டை, பின்னால் முழுநிலவு. கேமராவை முக்காலியில் பூட்டி, அதன் கண்ணைச் சில நிமிஷங்கள் திறந்தே வைப்பார். அலையெல்லாம் பஞ்சாகிவிடும். நடமாடுகிறவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். ஆளே இல்லாத ஊராக எங்கள் ஊரைக் காட்டுவதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் மாவட்டப் போட்டியில் ஆறுதல் பரிசுகூட வந்ததில்லை.

ஒரு வருஷம், சாமி இறங்கும் இடம் என்பதற்கு அடையாளமாக வாயிலில் தொங்கும் வைக்கோல் வடத்தை மாற்றும் நாளும் இலையுதிர்கால முழுநிலவும் ஒன்றாக வந்தன. வீட்டுக்கு ஒருவராகக் கடலில் இறங்கினோம். ஷிராகிக்கு ஏணி பிடிக்கும் வேலை. காலையில் மழை பெய்து தாமதமானதால், பழைய வடத்தை அவிழ்த்து இறக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. நீரும் ஏறிக்கொண்டிருந்தது.

நிலா எழுந்ததும் ஷிராகி ஏணியை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்.

"விளக்கையெல்லாம் அணைங்கப்பா! நிலா வெளிச்சம் போதாதா?"

"டேய், ஏணியை உங்க அப்பனா வந்து பிடிப்பான்?" மேலிருந்து தொகுஜி கத்தினார். கடற்பாசி வளர்ப்பவர், ஷிராகியின் பள்ளித் தோழர்.

"அஞ்சே நிமிஷம்டா! எல்லாரும் அசைஞ்சுக்கிட்டே இருங்க. நின்னா படத்துல விழுந்துருவீங்க!"

படத்தில் விழுவதற்கு முன்னால் தொகுஜி தண்ணீரில் விழுந்தார். எழுந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தூணைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

"நகருடா, நகரு!" என்றது கரை.

"முடியலடா பாவி!" என்றது தூண்.

நாங்கள் நீரில் தட்டுத் தடுமாறி அவரிடம் போய்ச் சேர்வதற்குள் கேமரா தன் வேலையை முடித்திருந்தது.

மறுநாள் ஷிராகி தொகுஜி வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று தொகுஜியின் மனைவி ஹமாயோ தேநீர் வைத்தாள்.

"படமே போச்சு. தூண் பக்கத்துல சாம்பல் கறை மாதிரி நீ. ரெண்டடி நகர்ந்திருக்கலாம்ல?"

"கக்கூசுக்கே நகர முடியல அண்ணே," என்றாள் ஹமாயோ. "உங்க ரெண்டடிக்கு எங்க போவாரு?"

வேறு நல்ல படம் இல்லாததால் அதையே போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு. 'வாயிலில் கடவுள் இறங்கிய கணம்' என்று நடுவர்கள் எழுதினார்கள். அன்றுமுதல் கறை என்ற பேச்சு நின்றது. ஷிராகியே அதை 'இருப்பு' என்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். எனக்கு மட்டும் அதில் இருப்பு தெரியாமல் தொகுஜி மாமாவே தெரிந்ததால், படித்த படிப்பு போதவில்லையோ என்று சந்தேகப்பட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தொகுஜியால் படகில் ஏற முடியவில்லை. பாசி வலைகளை ஹமாயோதான் விறைத்த கையோடு இழுத்தாள்.

"அவன் மன்னிப்பெல்லாம் கேட்க வேணாம்," என்றார் தொகுஜி. "அது நான்தான்னு நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை சொல்லட்டும். கடவுளுக்குக் கும்பிடு, எனக்கு இடுப்பு வலியா?"

படத்தை ஊர் மன்றத்தில் மாட்டிய அன்று ஷிராகி புது கோட்டில் வந்தார். நடுவர் ஒருவரும் வந்திருந்தார். ஹமாயோ படத்தின் கிட்டே போய் நின்றாள்.

"வாயில்ல வடமே காணோமே? வடம் இல்லாத வாயில்ல எந்தச் சாமி இறங்கும்? அய்யா, இது எங்க வீட்டுக்காரர். தொப்பையைப் பாருங்க."

ஊர் சிரித்தது. நடுவர் ஷிராகியைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு இதைவிட வசதியான நேரம் ஷிராகிக்கு வாய்த்திருக்காது. சுவரோரம் கைத்தடியோடு தொகுஜி காத்திருந்தார்.

"கலையில யாரு எவருன்னு பார்க்கக் கூடாதும்மா," என்றார் ஷிராகி.

இப்போது அவர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். மௌனத்தைப் படமெடுப்பது எப்படி என்று வகுப்பு நடத்துகிறாராம். புத்தாண்டுக்கு அந்தப் படத்தையே அச்சிட்ட வாழ்த்து அட்டை வீட்டுக்கு வீடு வருகிறது. தொகுஜி வீட்டுக்கும் வருகிறது. அவர் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். கையால் ஒரு வரி இருக்குமா என்று தேடுவார். இந்த வருஷமும் விலாசம் மட்டும்தான் இருந்தது.