மகள் தேடிய தலைப்பு

பேச்சுப் போட்டி என்றால் பிள்ளை மேடையில் மறந்துவிடுமோ என்றுதான் அம்மாக்கள் பயப்படுவார்கள். நான் பயந்ததோ, என் மகள் நன்றாகப் பேசிவிடுவாளே என்று.

சேக்காட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடம் முழுக்க ஒருவருடையது. ஓனர் கீழ்வீட்டிலேயே இருக்கிறார். குடிவந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்: "வீட்ல வியாபாரம் கியாபாரம் கூடாதும்மா. கரண்ட் ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தா என் தலைதான் உருளும்." சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. வீட்டில் தையல் மிஷின் போட்டுத் தைத்துக் கொடுத்த மாடிவீட்டுப் பெண்ணை ஒரே மாதத்தில் காலி செய்ய வைத்தவர்.

அப்படியிருந்தும் நான் இட்லி மாவு விற்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கணவர் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்கு ஆர்டர் இல்லை, வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறார். வேறென்ன செய்ய? ஓனர் தண்ணீர் மோட்டாரைப் போடும் நேரம் பார்த்து நானும் கிரைண்டரைப் போடுவேன். அந்த இரைச்சலில் இது அமுங்கிவிடும். மோட்டார் நின்றதும் பதறியடித்து ஓடி சுவிட்சை அணைப்பேன். மாவு பாக்கெட்டுகள் மகளின் ஸ்கூல் பையில் அடுத்த தெருவுக்குப் போகும்.

இந்த லட்சணத்தில், பொங்கலுக்கு மொட்டை மாடியில் பேச்சுப் போட்டி என்று ஓனர் அறிவித்தார். "போன்ல பாத்து மனப்பாடம் பண்றதெல்லாம் வேணாம். அவங்கவங்க வீட்ல தினமும் நடக்கறதுலேர்ந்து ஒரு தலைப்பு எடுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் தினமும் நடப்பது மாவு வியாபாரம்தானே!

ஆறாவது படிக்கும் என் மகள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, மோட்டாரும் கிரைண்டரும்னு பேசட்டா? ரெண்டும் சேந்து பாடற மாதிரியே இருக்கும்ல?"

"அடிப்பாவி! குடியைக் கெடுத்துடாதடி."

மறுநாள், 'என் ஸ்கூல் பை ஏன் புளித்த வாசனை அடிக்கிறது' என்று ஒரு தலைப்பு. கூடாது. 'அப்பா வீட்டில் இருக்கும் நாட்கள்.' கூடவே கூடாது, அப்புறம் வாடகை எங்கிருந்து வருகிறது என்று யாராவது யோசித்தால்? 'உளுந்து ஊறுவது.' ஐயோ, உளுந்து எல்லார் வீட்டிலும்தான் ஊறுகிறது, எங்கள் வீட்டில் அண்டா அண்டாவாக அல்லவா ஊறுகிறது!

கணவர் சிரித்தார். "இன்னாத்துக்கு இப்டி பயந்து சாவுற? கொயந்ததானே, இன்னாவோ பேசிட்டுப் போவுது, வுடு."

"நாளைக்கே காலி பண்ணுன்னா எங்க போறதாம்?" என்றேன். அதற்குப் பிறகு அவரும் சிரிக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மகளிடம் சத்தியம் வாங்கினேன், நம் வீட்டில் நடக்கிற எதையும் வாய் திறக்கக் கூடாது என்று. அவள் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "அப்போ வேற என்னம்மா இருக்கு பேசறதுக்கு?" என்றாள். "எதையாவது யோசிடி" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மாடியில் ஒரு பையன் பல்லியைப் பற்றிப் பேசினான். ஒரு பெண் தன் அப்பாவின் குறட்டையைப் பேச, முன்வரிசையில் ஓனர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அடுத்து என் மகளைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"அனைவருக்கும் வணக்கம். நான் ரொம்ப நாளாக ஒரு தலைப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் எதுவுமே நடப்பதில்லை. நன்றி."

மாடியே சிரித்தது. எல்லாரையும் விட ஓனர்தான் பலமாகக் கைதட்டினார். "குடித்தனம்னா இப்படி இருக்கணும்!" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது.

அது கொஞ்ச நேரம்தான். மகள் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வெட்கமும் இல்லை, அழுகையும் இல்லை. இத்தனை பேர் முன்னால் இவ்வளவு பெரிய பொய்யை இந்தப் பிள்ளை எப்படிச் சொன்னது? ஓனரைப் பார்த்துக்கூட வராத ஒரு பயம் அவளைப் பார்த்து வந்தது.

"சரியா சொன்னேனாம்மா?" என்று என் காதோடு கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.