மணியைத் திருடியவளுக்கு எத்தனை மார்க்?

இது நூற்றுக்கு நூறு நடந்த கதை. சரி, முறைக்காதீர்கள். எழுபது நடந்தது, மீதி முப்பது நான் ஊதிய காற்று.

மார்க்கக்கா என்று ஒருத்தி. வழக்கில் மாட்டிய பிள்ளைகளை வைத்திருக்கும் விடுதியில், மனசைச் சோதித்துச் சொல்லும் உத்தியோகம். நீதிபதி முன்னால் போகும் ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுவாள். கூசாமல் பொய் சொல்லுமா, அடுத்தவர் வலி உறைக்காதா, செய்ததற்கு வருத்தமே கிடையாதா என்று வரிசையாகப் பார்ப்பாள். இல்லை என்றால் பூஜ்யம், கொஞ்சம் என்றால் ஒன்று, நிறைய என்றால் இரண்டு. உலகத்திலேயே மார்க் அதிகம் வாங்கினால் ஃபெயிலாகும் பரீட்சை அது ஒன்றுதான்.

பழக்கதோஷத்தில் வெளியிலும் யாரையும் விடமாட்டாள். பஸ் கண்டக்டருக்கு மார்க், பக்கத்து வீட்டுப் பூனைக்கு மார்க். பால் பொங்கி வழியும்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனுக்கு, குற்ற உணர்ச்சி அறவே இல்லை, ரெண்டு என்று அடுப்படியிலிருந்தே தீர்ப்பு வரும். லாரி ஓட்டும் மனுஷன், ஹாரன் மாதிரி சிரிப்பார்.

அவளிடம் வந்து சேர்ந்தாள் காந்தம். பதினாறு வயசு. கண்ணில் பட்டதெல்லாம் கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். கடைசியாக ஒட்டியது பள்ளிக்கூடத்து மணி. மணி அடிக்காததால் கணக்கு வாத்தியார் இருட்டும்வரை வகுத்துக்கொண்டே இருந்தாராம். வகுப்பு முடிவதற்குள் பையன்கள் சிலருக்கு மீசையே முளைத்துவிட்டதாம்.

மார்க் கூடினால் அவளைப் பூட்டிய விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். குறைந்தால், வளர்த்த தாய்மாமனோடு வீட்டுக்குப் போகலாம்.

வருத்தமா இருக்கா என்று அக்கா கேட்டாள்.

"அந்தச் சனியன் சத்தத்த நீங்க கேட்டிருந்தா நீங்களே கழட்டியிருப்பீங்கக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. பேனாவைக் கடித்து அடக்கினாள்.

பிள்ளை சொல்வதை மட்டும் நம்பக்கூடாது, வளர்த்தவரையும் விசாரிக்க வேண்டும் என்பது அவள் தொழில் முறை. மாமா வந்தார். தையல்காரர். கழுத்தில் டேப்பு, சட்டையெல்லாம் நூல்.

"அவளா? கல்நெஞ்சுக்காரிங்க. எமகாதகி. சிரிச்சே ஆளக் கவுத்துடுவா, கொலகாரி."

அவர் சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். கூட்டிப் பார்த்தால் காந்தத்தின் மார்க் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

சாயங்காலம் அக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வெளியூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்த புருஷன் திரும்பி வந்திருந்தார். கதவைத் திறந்ததுமே வாயெல்லாம் பல்.

"வாடி என் ராட்சசி. இத்தன நாளா உன்னப் பாக்காம உசுரே போச்சுடி, கொலகாரி."

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷன் இப்படித்தான் கொஞ்சுகிறார். ஒருநாளாவது போலீசில் சொன்னோமா?

மறுநாளே மாமாவைத் திரும்பக் கூப்பிட்டாள். காந்தத்தையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். திட்டாமல் இவளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். மனுஷன் திணறிய திணறலில் மேசைக்கே வியர்த்துவிட்டது. டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"இவ இல்லாம மிஷின்ல உக்காரவே பிடிக்கலீங்க."

மணிக்குக் கலங்காத காந்தம் தேம்பித் தேம்பி அழுதாள். "எடுக்கறப்ப உன்ன நெனக்கவே இல்ல மாமா."

நிஜமா, நடிப்பா? அக்கா பார்க்காத அழுகை இல்லை. முன்பு ஒருத்தன் அழுத அழுகையில் அவளே கைக்குட்டையைக் கொடுத்தாள். அழுகை நின்றபோது கைக்குட்டையோடு கைக்கடிகாரத்தையும் காணோம்.

மாமாவின் வசவுக்குப் போட்ட மார்க்கையெல்லாம் அடித்துவிட்டாள். மிச்சமிருந்தது வருத்தக் கேள்வி மட்டும். இரண்டு போட்டால் பூட்டு, ஒன்று போட்டால் வீடு. காந்தத்தின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். ஒன்று போட்டாள். மாமனும் மருமகளும் ஒருத்தரையொருத்தர் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

பஞ்சர் கடையில் கூடியிருந்தவர்களுக்கு நான் இதுவரை சொல்லி மூச்சு வாங்குவதற்குள், கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் எழுந்துவிட்டார். அது பச்சை நடிப்பு, அந்தம்மா ஏமாந்துவிட்டாள், ரெண்டுதான் போட்டிருக்க வேண்டும் என்றார். பச்சைப்பிள்ளை அழுததைப் போய் நடிப்பு என்கிறாரே என்று அவர் சம்சாரம் பொங்கினாள்.

"அப்ப போன மாசம் உங்கம்மா அழுதாங்களே, அது என்னவாம்?"

"எங்கம்மாவ எதுக்குடி இழுக்கற?"

"நீங்கதான அழுகைக்கு அளவு சொன்னீங்க?"

அவர் காற்றடிக்கும் குழாயைக் கீழே போட்டார். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒருத்தர் மாமியார் கட்சி, இன்னொருத்தர் மருமகள் கட்சி என்று கடை இரண்டாகப் பிரிந்தது. கதையை யாரும் கேட்கவில்லை.