சுண்டைக்காய் அளவில் ஒரு குண்டு அச்சு

திருடனுக்குப் பயந்து வாழ்வதைவிடத் திருடன் வந்து போய்விட்டால் தேவலை என்று தோன்றிய வருஷம் அது. அன்னூருக்குத் தெற்கே சோளக்காட்டுக்கு நடுவில் எங்கள் வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது. அடுத்த தோட்டத்தில் திருடர்கள் புகுந்து அங்கிருந்த பெரியவரை அடித்துப் போட்டுவிட்டுப் போனதிலிருந்து என் வீட்டுக்காரர் ஆளே மாறிவிட்டார். மாமனார் விட்டுப்போன பழைய கைத்துப்பாக்கியைத் தன் பேருக்கு லைசென்ஸ் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். குழாய் வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற பழைய சாமான் அது.

ஒரு நாள் விடிந்ததும், கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்ட வந்த பண்ணையாளைச் சுட்டுவிட்டார். குண்டு அவன் தலைக்கு ஒரு முழம் மேலே பனைமரத்தில் போய்ப் பதிந்தது. "நாந்தானுங்க, நாந்தானுங்க" என்று அவன் வரப்பில் உட்கார்ந்து அழுதான். அடுத்த முறை குறி தப்பாமல் ஏதாவது ஒரு அப்பாவி செத்துப்போவான், இவர் ஜெயிலுக்குப் போவார் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

நல்ல வேளையாக அதுதான் கடைசிக் குண்டு. மாமனார் குண்டு வார்க்கிற அச்சு எங்கே போனதோ தெரியவில்லை. புதிது வாங்க வேண்டும். ஆனால் இவர் வீட்டை விட்டு நகரமாட்டார். வேலியில் சுண்டைக்காயைப் பறித்து வந்து, ஒவ்வொன்றாகத் துப்பாக்கி வாயில் வைத்துப் பார்த்து, கச்சிதமாகப் பொருந்திய ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"கோயமுத்தூர் போயி இதே அளவுக்கு ஒரு அச்சு வாங்கியா அம்மணி. காயப் பத்தரமா வெச்சுக்கோ."

சனிக்கிழமை இரும்பு வாங்கக்கூடாது என்று ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று ஒரு நாள் கடத்தினேன். இரண்டு நாளும் காய் கூரை மேல் வெயிலில் கிடந்தது. வருஷா வருஷம் வற்றல் போடுகிறவளுக்கு வெயில் என்ன செய்யும் என்று தெரியாதா? அவர் வற்றலைத் தின்றதோடு சரி.

துப்பாக்கிக் கடைக்காரர் மூன்று அச்சுகளை எடுத்து வைத்தார். மூன்றும் பாக்குவெட்டி மாதிரி திறந்து மூடின. காயை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"காயி சுருங்கிக் கெடக்குதுங்க. எதுக்கும் துப்பாக்கியவே கொண்டாந்து காட்டச் சொல்லுங்க. இல்லாட்டி ஒரு சுத்துப் பெருசா எடுங்க."

"எங்கூட்டுக்காரரு குடுத்த அளவு இதுதானுங்க," என்று இருப்பதிலேயே சின்னதை எடுத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை என்று பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஈயத்தை என் அடுப்பிலேயே உருக்கி வார்த்தார். குழாயில் போட்டுச் சாய்த்ததும் குண்டு உருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. "கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று எட்டு நாள் முனகினார். ஒன்பதாம் நாள் அச்சை மாற்றி வரத் தானே கிளம்பினார். போகும்போது துப்பாக்கியில் மருந்தை மட்டும் கெட்டித்து என் பக்கத்தில் வைத்தார்.

"குண்டு இல்லாட்டியும் சத்தத்துக்கே ஓடிப்போவான். நான் பொழுதோட வாரேன்."

சரியான பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் சிரித்தேன். அவர் பஸ் ஏறும்வரைதான் அந்தச் சிரிப்பு. காற்றில் சோளத்தட்டு சரசரத்தால் எழுந்து பார்த்தேன். நாய் குரைத்தால் பார்த்தேன், குரைக்காவிட்டாலும் பார்த்தேன். உலை வைக்கத் தோன்றவில்லை. மதியத்துக்குள் உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆகிவிட்டது. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

புழக்கடைக் கதவு கிரீச்சிட்டது. வெயிலுக்கு எதிரே தலைப்பாகையோடு ஒரு ஆள் நின்றான். முகம் தெரியவில்லை. யார் என்றுகூடக் கேட்கவில்லை நான். சுட்டுவிட்டேன்.

புகை கலைந்தபோது என் வீட்டுக்காரர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையின் முன்பக்கம் கருகியிருந்தது. முன்னதாகவே ஒரு பஸ் கிடைத்து, வெயிலுக்குத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு காட்டுக் குறுக்கு வழியாக வந்திருக்கிறார். கையில் புது அச்சு இருந்தது.

"குண்டு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நானும் அச்சைப் பற்றிய உண்மையை அவரிடம் சொல்லவில்லை, கடைசிவரை.

அடுத்த வாரமே துப்பாக்கியைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிட்டார். ஊரில் எல்லோரும் அவருக்குப் புத்தி தெளிந்துவிட்டது என்றார்கள். நானும் தலையாட்டினேன். அவராவது பண்ணையாளின் தலைக்கு மேலே சுட்டார். நான் நேராக நெஞ்சுக்குக் குறி வைத்திருந்தேன்.