சூப் பானையும் இராஜம்மா வீட்டு பேங்க்கும்

விவியனுக்குக் கை சும்மா இருக்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். லிப்டில் ஏறினால் எல்லாப் பொத்தானையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அவள் யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே ஏதாவது ஓர் அலமாரிக் கதவு திறந்துகொள்ளும். சின்ன வயதில் கிள்ளான் பஸ்ஸில் இறங்கும் மணியை விடாமல் அழுத்தியதில், டிரைவர் பொறுமை போய் நடுவழியிலேயே இறக்கிவிட்டார், அவள் அம்மா இராஜம்மாவையும் சேர்த்து. பாசாரில் வாங்கிய மீனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்த அந்த அம்மா, "இந்தக் கைய வெச்சுக்கிட்டு நீ என்னத்தடி சாதிக்கப் போற?" என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாருங்கள், அந்தக் கைக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்கு மேல்மாடியில் ஒரு சின்ன கேம் கம்பெனி. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் மவுஸை வைத்துக்கொண்டு விளையாடிய கதை ஆட்டங்களை எடுத்து, படத்தைப் புதுப்பித்து, டிவியோடு இணைக்கிற இன்றைய கன்சோலில் சோபாவில் சாய்ந்தபடி விளையாடுகிற மாதிரி செய்து தருவது அவர்கள் தொழில். இந்த ஆட்டங்களில் வெட்டுக்குத்து, துப்பாக்கி எதுவும் கிடையாது. கதாநாயகன் ஊருக்குள் நடப்பான். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வான். எதை எங்கே பயன்படுத்தினால் கதை நகரும் என்று விளையாடுகிறவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். விவியன் அங்கே டெஸ்டர். எதை எதோடு சேர்த்தால் ஆட்டம் கெட்டுப்போகும் என்று நாள் முழுக்க நோண்டிக்கொண்டே இருப்பாள். மீனைக் கடிகாரத்துக்குள் வைப்பாள். பாதிரியார் தொப்பியில் தேனை ஊற்றுவாள். சொர்க்கம் என்றால் அதுதான் அவளுக்கு.

இராஜம்மாவால்தான் இதை ஜீரணிக்க முடியவில்லை. முப்பது வயது தாண்டிய பெண் ஆபீஸில் உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று சர்ச் மாதர் சங்கத்தில் எப்படிச் சொல்வது? ஒருநாள் நல்லம்மாள் என்கிற சிநேகிதி, "விவியன் என்ன வேலை செய்யுது?" என்று கேட்டபோது, இராஜம்மா "கேம்..." என்று ஆரம்பித்தார். நல்லம்மாளின் புருவம் ஏறியது. உடனே "பேங்க்ல" என்று முடித்துவிட்டார். எந்த பேங்க்? கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற பேங்க். அதோடு விட்டாரா? வருஷத்துக்கு ஒரு புரமோஷன் வேறு கொடுத்துவந்தார். சமீபத்திய நிலவரப்படி விவியன் உதவி மேனேஜர்.

விவியன் இதைச் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் வலித்தது. ஆட்டம் முடிந்ததும் வேலை செய்தவர்கள் பேரெல்லாம் டிவியில் வரிசையாக மேலே ஏறிப் போகும் இல்லையா? அதில் தன் பேர் வந்துவிட்டால் அம்மாவைப் பிடித்து முன்னால் உட்கார வைத்துவிடலாம், பிறகு இந்த பேங்க் கதைக்கு அவசியம் இருக்காது என்று ஓர் ஆசை. ஆனால் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் டெஸ்டர்களுக்கு அந்த பாக்கியம் கிடையாது. 'டெஸ்டிங் குழு' என்று மொட்டையாக ஒரு வரி போகும், அவ்வளவுதான்.

இப்போது கையில் இருந்த ஆட்டத்தில், பனி கொட்டும் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர். கதாநாயகன் பெர்ட்டி. ஆரம்பத்திலேயே பக்கத்து வீட்டுக் கிழவி அவனுக்குச் செம்புப் பானையில் சூப் கொடுப்பாள். அவன் குடித்துவிட்டுக் காலிப் பானையைப் பைக்குள் போட்டுக்கொள்வான். கடைசியில் மணிக்கூண்டில் ஒழுகுகிற எண்ணெயைப் பிடிக்க அந்தப் பானை இல்லாமல் முடியாது.

ஒருநாள் விவியன் சூப்பைக் குடிக்க வைத்தாள். அப்புறம் யோசிக்கவே இல்லை, நேரே போய்ப் பானையைக் கிழவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கிழவி "நன்றி" என்று சொல்லிப் படாரென்று கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு பிறகு திறக்கவே இல்லை. பெர்ட்டி மணிக்கூண்டில் வெறுங்கையோடு நின்றான். ஆட்டம் செத்துப்போச்சு. முதலிலிருந்து தொடங்கினால்தான் உண்டு.

விவியனுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! துள்ளிக்கொண்டு குருவிடம் ஓடினாள். குரு அந்த ஆட்டத்துக்குப் பொறுப்பாளர், காஜாங்காரர். பள்ளிக்கூட நாளில் இதே ஆட்டத்தை விளையாடித்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார். பழைய ஆட்டத்தில் ஒரு புள்ளியை மாற்றுவதென்றாலும் சாமி சிலையைச் சுரண்டுகிற மாதிரி பதறுவார்.

"முப்பது வருஷமா உலகம் பூரா விளையாடுறாங்க. ஒருத்தன் இதைச் சொன்னதில்ல," என்றார். "ஏன் தெரியுமா? இந்த மாதிரி ஆட்டத்துல எடுத்த பொருளை எவனும் திருப்பிக் கொடுக்க மாட்டான் லா."

"அண்ணே, அப்ப மவுஸ். பானைய இழுத்துக்கிட்டுப் போய்க் கிழவி மேல போடணும், யாருக்கும் தோணாது. இப்ப கன்சோல்ல கிழவி முன்னால நின்னாலே 'கொடு'ன்னு பொத்தான் வருது. அதை வெச்சது யாரு? நீங்கதானே?"

குருவுக்குச் சுருக்கென்றது. "பொத்தான் இருந்தா என்ன? எவன் கொடுப்பான்?"

"எங்க பக்கம் எல்லாரும் கொடுப்பாங்க."

"பந்தயமா?"

"பந்தயம். ஜெயிச்சா பானையையும் சரி பண்ணணும், என் பேரையும் போடணும். டெஸ்டிங் குழுன்னு இல்ல. விவியன்னு போடணும்."

பேர்ப் பட்டியல் குருவின் கையில்தான் இருந்தது. அவர் கொஞ்சம் தாடையைத் தடவினார். "சரி. ஆனா கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லாத ஆளுங்க விளையாடணும். அவங்க காதுல யாரும் எதையும் போடக் கூடாது. அப்படிப் போட்டா பந்தயம் செல்லாது."

விவியன் எங்கே கூட்டிக்கொண்டு போனாள் என்று நினைக்கிறீர்கள்? கிள்ளானுக்கு, தன் வீட்டுக்கே. சனிக்கிழமை சாயங்காலம் மாதர் சங்கம் இராஜம்மா வீட்டில் கூடும். ஜெபம் முடிந்து தேத்தண்ணியும், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் ஓடும் நேரம். குறும்புக்காரி, வேண்டுமென்றே அந்தக் கூட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

"சங்கத்துல கேமா? என் மானம் போயிடும்டி!" என்று இராஜம்மா அலறினார்.

"அவங்ககிட்ட நீங்க எதையாவது சொல்லிக்கோங்கம்மா," என்று விவியன் அலட்சியமாகச் சொல்லிவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

சனிக்கிழமை குரு வந்து இறங்கினார், மண்டை ஓடு போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டில். விவியன் டிவிக்குப் பின்னால் தலையை விட்டு வயரை மாட்டிக்கொண்டிருந்தாள். இராஜம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவருதான் நம்ம விவியனோட பேங்க் மேனேஜர். இன்னைக்கு லீவு, அதான் இந்த உடுப்பு. பேங்க்ல புதுசா ஒரு மெஷின் வாங்கியிருக்காங்க. ஜனங்க எப்படி நடந்துக்கிறாங்கன்னு இதுல சோதிச்சுப் பாப்பாங்களாம்."

டிவிக்குப் பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம். விவியனின் தலை. குருவின் வாயில் முழுக் கறிபாப் இருந்ததால் அவரால் மறுக்கவும் முடியவில்லை. அதற்குள் ஓர் ஆன்டி, "பிக்சட் டெபாசிட்டுக்கு இப்ப வட்டி எப்படி தம்பி?" என்று கேட்டுவிட்டார். குரு விழுங்கிவிட்டு, "அது... ஏறும், இறங்கும் ஆன்டி," என்றார். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

கன்ட்ரோலர் முதலில் நல்லம்மாள் கைக்குப் போனது. பெர்ட்டி இரண்டு தடவை சுவரில் முட்டிக்கொண்டான், அப்புறம் நேராக நடந்தான். கிழவி சூப் கொடுத்தாள். குடித்தான்.

"பானையக் கழுவணும். குழாய் எங்கடி இருக்கு?" என்றார் நல்லம்மாள்.

குழாய் இல்லை. சரி, பனியில் துடைத்துக் கொடுக்கலாம் என்று முடிவானது. அப்புறம்தான் பெரிய பிரச்சினை கிளம்பியது.

"காலியாவா கொடுக்கப் போற? அடுத்த வீட்டுலேர்ந்து மங்கு, கிண்ணம்னு வந்தா அதுல எதாச்சும் போட்டுத்தானே கொடுக்கணும்!"

"பைக்குள்ள ஆப்பிள் வெச்சிருக்கான் பாரு, அதைப் போடு."

நல்லம்மாள் ஆப்பிளைப் பானைக்குள் போடப் பார்த்தார். 'அது முடியாது' என்றான் பெர்ட்டி. வீடே கொந்தளித்துவிட்டது. "சூப்ப மட்டும் மடக்கு மடக்குன்னு குடிச்சான்! ஒரு ஆப்பிள் போட முடியாதாமே, கஞ்சப் பய!" கடைசியில் நல்லம்மாள் வேறு வழியில்லாமல் காலிப் பானையைக் கொடுத்து, "அடுத்த தடவை எதாச்சும் போட்டுத் தரேன்மா," என்று டிவியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. பெர்ட்டி மாட்டிக்கொண்டான்.

அடுத்த ஆன்டியும் கொடுத்தார். அதற்கடுத்தவரும் கொடுத்தார். ஒருத்தராவது பானையைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டுமே! விவியன் முகமெல்லாம் பல்லாகக் குருவைப் பார்த்தாள்.

குரு அவளைச் சமையலறைக்குள் அழைத்துப்போனார். இராஜம்மா அங்கே தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"செல்லாது," என்றார் குரு. "ஆன்டிதான் பேங்க் சோதனைன்னு சொல்லிட்டாங்களே! பேங்க்காரன் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா, வாங்கினதை எவன் திருப்பிக் கொடுக்காம இருப்பான்? நான் குத்தம் சொல்லல. ஆனா காதுல போட்டாச்சு இல்ல?"

விவியனுக்கும் அது புரிந்தது. அவர் சொல்வதில் தப்பே இல்லை. பேங்க் கதை பொய் என்று சொல்லி மறுபடி விளையாட வைக்கலாம்தான், ஆனால் அதை ஹாலில் போய்ச் சொன்னால், அத்தனை பேர் முன்னாலும் அம்மா தலைகுனிவார். அவ்வளவு தூரம் குறும்பு செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. "சரி, விடுங்கண்ணே," என்றாள்.

"என்னடி விடுறது?" என்றார் இராஜம்மா. "என்ன பந்தயம்?"

விவியன் சொன்னாள். பானை, பந்தயம், பேர், எல்லாவற்றையும்.

"டிவியில உன் பேரா?"

"ஆமாம்மா."

"இவ்வளவு நாளா ஏன் போடல?"

"போட மாட்டாங்கம்மா. அதான் கேட்டேன்."

இராஜம்மா கிளாஸைக் கீழே வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் ஹாலுக்கு நடந்தார். விவியன், "அம்மா, வேணாம்," என்று பின்னால் ஓடினாள். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாருங்க. விவியன் பேங்க்ல இல்ல. எப்பவும் இருந்ததில்ல. விளையாட்டுல தப்பு கண்டுபிடிக்கிறதுதான் அவ வேலை. இந்தத் தம்பியும் மேனேஜர் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்." நல்லம்மாளை நேராகப் பார்த்தார். "வெட்கமா இருந்துச்சு. அதான் சொன்னேன்."

நல்லம்மாள் கறிபாப்பை ஒரு கடி கடித்து, நிதானமாக மென்றார்.

"தெரியுமே," என்றார்.

"என்ன தெரியும்?"

"போன வருஷம் பாஸ்புக் விஷயமா அந்த பேங்க்குக்கே போனேன். நம்ம பிள்ளைதானேன்னு விவியனைக் கேட்டேன். அப்படி யாருமே இல்லன்னுட்டாங்க."

"எல்லாருக்குமா தெரியும்?"

எல்லாரும் தேத்தண்ணியைக் குனிந்து பார்த்தார்கள்.

"ஏண்டி சொல்லல?"

"நீ வருஷா வருஷம் புரமோஷன் கொடுத்துக்கிட்டு சந்தோஷமா இருந்த. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டோம்."

இராஜம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். விவியனுக்கோ மூளையில் ஏதோ சொடுக்கியது. "ஒரு நிமிஷம் ஆன்டி! அப்ப இது பேங்க் சோதனைன்னு நீங்க நம்பலையா?"

"மண்டை ஓடு சட்டை போட்டுக்கிட்டு எந்த பேங்க் மேனேஜர்மா வருவான்?"

"அப்புறம் ஏன் பானையத் திருப்பிக் கொடுத்தீங்க?"

நல்லம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற பார்வை.

"அது அந்தம்மா பானைதானே?"

குரு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஆனாலும் பழைய ஆட்டத்தின் மேல் இருந்த பாசம் விடவில்லை. "அப்ப அந்தக் 'கொடு' பொத்தானை எடுத்துடுறேன். அசல்ல கை வைக்க வேண்டாம்," என்று முனகினார். வந்ததே கோபம் ஆன்டிகளுக்கு! திருப்பிக் கொடுக்கிறவர் கையைக் கட்டிப்போடுவதா என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"கிழவிதான் சரியில்ல," என்றாள் விவியன். "பானைய வாங்கினா மறுபடி சூப் ஊத்தி அவன் கையிலயே கொடுக்கட்டும். அவன் குடிச்சா பானை அவன்கிட்டயே இருக்கும். மணிக்கூண்டுக்கும் ஆச்சு."

"அவன் மறுபடி திருப்பிக் கொடுத்தா?"

"அவ மறுபடி ஊத்திக் கொடுப்பா."

"இதுக்கு முடிவே கிடையாதா?"

"கிடையாது தம்பி," என்றார் நல்லம்மாள். "எங்க வீட்டுக்கும் இவ வீட்டுக்கும் நடுவுல ஒரு மங்கு வருஷக்கணக்கா அலையுது. யாரோடதுன்னே மறந்துபோச்சு."

குரு கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். பெரிய வேலை இல்லை, கிழவிக்குப் புதுசாக ஒரு வசனம் எழுதினால் போதும். தன்னையும் மீறிச் சிரித்துவிட்டு, "சரி. பேரும் போட்டுடுறேன் விவியன்," என்றார்.

விவியன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்தாள். இராஜம்மா கண்ணைத் துடைத்து, மூக்கையும் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வீட்டில் யார் பெரியவர் என்று காட்டுகிற பழைய குரல் திரும்பி வந்திருந்தது.

"தம்பி, அந்தப் பேரெல்லாம் டிவியில சர்ருன்னு ஓடிடும் இல்ல? என் மக பேரு வர்றப்ப கொஞ்சம் மெதுவா விடுங்க. இவங்க எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு, நான் சத்தமா வாசிக்கணும்."