நஸ்ரீன் எழுதிய விடை

ஒட்டுப்பலகைத் துண்டில் இரண்டு ஓட்டை போட்டு, நைலான் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டால், சிதம்பரத்து ஜூலை மாதப் புழுக்கத்தில் பத்தே நிமிடத்தில் பிடரி எரிய ஆரம்பிக்கும். மாலையில் வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது அந்த இடத்தில் தண்ணீர் பட்டாலே சுரீரென்று இருக்கும். 'இன்று நான் தமிழில் பேசினேன்' என்று அந்தப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எங்கள் ஆங்கிலப் பள்ளியில் அதை 'அட்டை' என்போம். அதைக் கழற்ற ஒரே வழி, தமிழில் பேசுகிற இன்னொரு பிள்ளையைப் பிடித்து அதன் கழுத்தில் மாட்டிவிடுவதுதான். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் அது தொங்குகிறதோ, அவர் மறுநாள் காலைப் பிரார்த்தனையில் அதோடு எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஒருவரையொருவர் வேவு பார்க்க வைத்துவிட்டு, அதற்கு 'டிசிப்ளின்' என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

அந்த எட்டாம் வகுப்பில் ஆங்கிலத் துணைப்பாடமாக எங்களுக்கு ஒரு நாவல் இருந்தது. வருங்காலத்து நகரம் ஒன்றின் கதை. அங்கே யாரும் பாடக் கூடாது. முணுமுணுத்தால்கூடக் காலில் இரும்பு மணியைப் பூட்டிவிடுவார்கள். கதாநாயகி ஒரு பறவையின் இறகை ஒளித்து வைத்திருப்பாள். தன் காலில் மணி ஏறிவிடுமோ என்று நடுங்கும் பக்கத்து வீட்டுக்காரி அவளைக் காட்டிக்கொடுத்துவிடுவாள்.

பாடம் நடத்திய ரெஜினா மிஸ் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நன்றாக நடத்தினார், அதை மறுக்க மாட்டேன். எங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தித் தமிழிலேயே சொல்வார்.

"ஒரு பொருளு அந்தப் பொருளா மட்டும் நிக்காம இன்னொன்னையும் சொல்லுதுன்னா, அதான் சிம்பல். இந்த இறகு வெறும் இறகா? யோசிச்சுப் பாருங்க."

பக்கத்து வீட்டுக்காரியை நாங்கள் எல்லோரும் திட்டியபோது அவர்தான் தடுத்தார். "அவ என்ன பேசுறா, என்ன செய்யிறா, எதுக்குப் பயப்படுறா, எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்லுங்க. கெட்டவன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா அது கேரக்டர் இல்ல."

என் பக்கத்தில் உட்காருபவள் நஸ்ரீன். பரங்கிப்பேட்டையிலிருந்து வருவாள், அவளுடைய அத்தா சவூதியில் வேலை பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். அட்டை அவள் கழுத்தில் இருந்தது. நான் எதையும் யோசிக்காமல், "வயிறு வலிக்குதாடி?" என்று கேட்டுவிட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்க நான் நின்றேன். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

காலாண்டுத் தேர்வில், நாவலில் வரும் ஓர் அடையாளப் பொருளையும் ஒரு பாத்திரத்தையும் உங்களைச் சுற்றி நீங்கள் பார்த்தவற்றோடு ஒப்பிட்டு எழுதுக என்று ஒரு கேள்வி வந்தது. ரெஜினா மிஸ் தானே தயாரித்த கேள்வி. நாங்கள் எல்லோரும் கூண்டுக்கிளி, தேசியக் கொடி என்று எழுதினோம். நஸ்ரீன் மட்டும், அந்த இரும்பு மணி எங்கள் பள்ளியின் அட்டை என்று எழுதினாள். பக்கத்து வீட்டுக்காரியாகத் தன்னையே எழுதினாள். 'என் தோழி என் மேல் உள்ள அக்கறையில் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குக் கழுத்து எரிந்தது. அதனால் அவளைப் பிடித்துக் கொடுத்தேன். நான் கெட்டவள் இல்லை, பயந்தவள்.' மிஸ் அதற்குப் பத்துக்கு ஒன்பது போட்டு, வகுப்பில் வாசித்தும் காட்டினார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். என் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது.

வாசித்த செய்தி எப்படியோ தாளாளர் காதுக்குப் போய்விட்டது. இரண்டாம் நாள் நஸ்ரீனின் உம்மாவை வரவழைத்தார்கள். அந்த விடையில் வரும் தோழி என்பதால் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை முழுவதும் தமிழிலேயே நடந்தது என்பதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"உங்க பொண்ணு ஸ்கூலையே அசிங்கப்படுத்தியிருக்கும்மா" என்றார் தாளாளர்.

நஸ்ரீனின் உம்மா விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாதவர். மகளிடம் மெதுவாக விசாரித்துத் தெரிந்துகொண்டு நிமிர்ந்தார். "நீங்க கேட்ட கேள்விக்குத்தான சார் எழுதியிருக்கு? புள்ள எதுவும் பொய் எழுதலியே."

தாளாளர் ரெஜினா மிஸ் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?"

மிஸ் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "இல்ல சார். அதுவா எழுதுனது."

கடைசியாகத் தாளாளர் என்னிடம் கேட்டார். "அட்டை போட்டா வலிக்குதா?"

முந்தின வாரம் மறுபடி மாட்டிய கயிற்றின் தடம் என் பிடரியில் அப்போதும் இருந்தது. "நோ சார்" என்றேன்.

மிஸ்ஸையே அங்கே உட்கார வைத்து, ஒன்பதை அடித்துவிட்டுச் சுழியம் போடச் சொன்னார்கள். அவர் போட்டார். நஸ்ரீனின் உம்மா அன்றே மாற்றுச் சான்றிதழ் கேட்டார். புத்தகப்பையை எடுக்க வகுப்புக்கு வந்த நஸ்ரீன், இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதுபோல் எல்லோருக்கும் கேட்கும்படியாகத் தமிழில் என்னிடம் கேட்டாள்.

"நெஜமாவே உனக்கு வலிக்கலியாடி?"

நான் சட்டைக் காலரைப் பிடரிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் போய்ப் பரங்கிப்பேட்டை அரசுப் பள்ளியில் சேர்ந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மிச்சமிருந்த அத்தியாயங்களை மிஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, ஆங்கிலத்தில் நடத்தினார். இறகு என்றால் சுதந்திரம், மணி என்றால் அடக்குமுறை, பக்கத்து வீட்டுக்காரி கெட்டவள். எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டோம். ஆண்டுத் தேர்வில் அந்தப் பகுதியில் நான் முழு மதிப்பெண் வாங்கினேன். ஒரு கதையைச் சொல்லி எங்கள் கண்ணைத் திறந்துவிட்டு, திறந்த கண்ணால் பார்த்ததைச் சொன்னவளைத் துரத்திவிட்டு, பார்க்காதவர்களுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். வேலை போய்விடுமோ என்று மிஸ் பயந்திருக்கலாம். அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ள எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பயந்தவள் என்று தன் கைப்பட எழுதிய நஸ்ரீனுக்குப் பதின்மூன்று.

இப்போது நான் கடலூரில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். போன மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்காக அதே சிதம்பரம் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அட்டை இல்லை; அப்படி ஒன்று இருந்ததே அங்குள்ள இளம் ஆசிரியைக்குத் தெரியவில்லை. அந்த நாவலும் பாடத்திட்டத்தில் இல்லை. வேறொரு நாவல் வைத்திருந்தார்கள், அதுவும் அதேபோல் வருங்காலத்து நகரத்தின் கதைதான். கூடவே அச்சடித்த ஒரு கையேடு: இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் அதன் அர்த்தம். பாத்திரங்களுக்கும் அப்படியே, ஆளுக்கு மூன்று குணங்கள்.

புரட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க தாங்க பாத்ததோட ஒப்பிட்டு எழுதுறதுக்குக் கேள்வி ஒண்ணும் கெடையாதா?" என்று கேட்டேன்.

அந்த ஆசிரியை நல்ல பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அதுக்கு ஆன்சர் கீ போட முடியாது மேடம். எடுத்துட்டாங்க."