நான் படித்துச் சொன்ன பாட்டில்

டாக்டர் அறையில் டாக்டரம்மா, நான், என் மனைவி. அவள் காலடியில், கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கட்டி வைத்த பை. என் அம்மா வரவில்லை. ஆனால் அம்மா வீட்டில் கேட்ட கேள்வி கூடவே வந்திருந்தது: "சுத்தமா இருக்கற பொம்பளைக்கு எதுக்கு வாடை வருது?"

கல்யாணமாகி எட்டு மாதம். மூன்று மாதமாக மனைவிக்கு வெள்ளைப்படுதல். மீன் கழுவிய தண்ணீர் போல ஒரு வாடை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்து என்று எது வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். இதையும் போனில் படித்தேன். உடலுறவால் தொற்றும் நோய்கள் என்று ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. அதற்கு மேல் படிக்கவில்லை. அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் அவள் போனை எடுத்துப் பார்த்தேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"லாட்ஜ்ல வேலை பாக்கறது நீங்க. பவுர்ணமியானா கிரிவலக் கூட்டம்னு வீட்டுக்கே வர்றதில்ல. நோண்டறது என் போனையா?"

டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தன் அம்மா வீட்டுக்குப் போவதென்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடித் துண்டில் தடவி எடுத்த மாதிரியைப் பரிசோதனைக்குப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும், உள்ளே எதைப் போட்டுக் கழுவுகிறாய் என்று அவளிடம் கேட்டார். அவள் தயங்கிச் சொன்னாள்: கிருமிநாசினி. தீட்டு முடிந்ததும் அதைக் கலந்து உள்ளே கழுவிவிட்டுத்தான் விளக்கைத் தொட வேண்டும், கிரிவலம் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வாடை வந்த பிறகு அவள் தினம் இரண்டு வேளை கழுவியிருக்கிறாள்.

"அங்க நல்ல கிருமியும் இருக்கும்மா. தயிரைப் புளிக்க வைக்கிற ஜாதிதான். அந்தப் புளிப்புலதான் மத்ததெல்லாம் அடங்கிக் கெடக்கும். நீ கழுவக் கழுவ நல்லது கம்மியாச்சு, மத்தது ஜாஸ்தியாச்சு. வாடை அதாலதான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெண்ணுக்குப் பெண் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்றே பட்டது. யாரிடமிருந்தாவது ஒட்டியிருக்குமா என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். "இதை வெச்சு யார் மேலயும் பழி போட முடியாது தம்பி. உள்ள கழுவச் சொன்னது யாரு?"

"அத்தை," என்றாள் மனைவி. "அத்தைக்கு பாட்டிலைப் படிச்சுக் காட்னது இவரு."

உண்மைதான். கல்லூரியில் சேர்ந்த புதிதில், இது எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று அம்மாவுக்குப் பெருமையாகப் படித்துச் சொன்னேன். சட்டம் அதன் பிறகு வந்தது. உடம்பின் வெளிப்புறத்துக்கு மட்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை.

மருந்துக் கடையில் மாத்திரை அட்டையோடு கொடுத்த தாளை, பொடி எழுத்து உட்பட, நின்றபடியே படித்து முடித்தேன். போனில் அன்று பாதியில் விட்டதையும் படித்தேன். டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. மனைவி அதற்காகக் காத்திருக்கவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். ஏழு நாள் மாத்திரையை ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"ஏழு நாள் முடியட்டும். வரலாமா வேணாமான்னு அப்பறம் யோசிக்கறேன்."

டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. டாக்டருக்கு முந்நூறு, பரிசோதனைக்கு நூற்றைம்பது, மாத்திரைக்கு அறுபத்தெட்டு. பொடி எழுத்தைப் படிக்காததற்கு மொத்தம் ஐந்நூற்றுப் பதினெட்டு ரூபாய்.