ஈரம் காயாத அறை

படக்காரர் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. ஆனால் அவர் ஆயுளில் ஒரு படம்கூட எடுத்ததில்லை. எடுத்ததெல்லாம் அவருடைய அப்பா. பரம்பரையாகக் கட்டடம் கட்டுகிற குடும்பம்; பழைய வீட்டை இடிப்பதற்கு முன் ஒரு படம், புதியது எழும்பும்போது ஒரு படம் என்று அப்பா எடுத்துத் தள்ளியிருந்தார். போதாததற்குச் சுற்றுவட்டார ஊர்களின் பழைய போஸ்ட் கார்டுகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். கஞ்சத்தனத்திலும் மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. படம் அச்சானதும் கண்ணாடி நெகட்டிவைச் சுரண்டிக் கழுவி, கட்டுகிற வீட்டின் வென்டிலேட்டரில் மாட்டிவிடுவார். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே பிரதிதான்.

சாரத்திலிருந்து விழுந்து படக்காரருக்கு இடுப்பு ஒடிந்ததும், இனி இவன் எதற்கு லாயக்கு என்று அண்ணன் அப்பாவின் படப் பெட்டிகளை அவர் தலையில் கட்டினார். அவரோ அதை உயிராகப் பிடித்துக்கொண்டார். காரணம் ஒரே ஒரு படம். பாதி எழும்பிய மணிக்கூண்டு. அதன் இடது ஓரத்தில் தலையில் சாந்துச் சட்டியோடு ஒரு சித்தாள் சிரித்துக்கொண்டு நிற்பாள். பிற்பாடு அவர் கட்டிக்கொண்டது அவளைத்தான். சித்தாள் மருமகளாக வந்தது வீட்டில் யாருக்கும் பொறுக்கவில்லை; கல்யாணத்தன்று ஒருவரும் கேமராவைத் தொடவில்லை. முதல் பிரசவத்திலேயே பிள்ளையும் அவளும் போய்ச் சேர்ந்தார்கள். அவள் முகம் அந்த ஒரு காகிதத்தில் மட்டும் மிஞ்சியது.

அண்ணனுக்குச் சொத்து சேர்ந்தாயிற்று, பெயரும் வேண்டியிருந்தது. வீட்டு முகப்பில் படங்களுக்கென்று ஒரு காட்சியறை கட்டினார். விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க மணிக்கூண்டுப் படத்தைப் போஸ்ட் கார்டாக அச்சடிக்க ஏற்பாடு செய்தார். எதுவரை அச்சாக வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டபோது, படக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஓரத்துல அவ நிக்கிறாண்ணே."

"அதனாலதான்டா கோடு போட்டேன். நம்ம வேலையைப் பாக்க வர்றவன் கூலிக்காரியைப் பாக்கணுமா?"

"அப்ப அச்சடிச்சு வந்ததும் அசல் படத்தை நான் வெச்சுக்கிறேனே."

"உனக்கு ஒண்ணு குடுத்தா ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க. எல்லாம் அறையிலயே இருக்கட்டும்."

அச்சகத்திலிருந்து படம் திரும்பியபோது அறையின் பூச்சு ஈரம்கூடக் காயவில்லை. சுவர் காயாமல் சாமான் ஏற்றாதீர்கள் என்று வீடு கட்ட வருகிற ஒவ்வொருவரையும் அதட்டுகிற குடும்பம் அது. சொந்த அறை என்றதும் அதெல்லாம் மறந்துபோயிற்று.

"சுவரு இன்னும் வேர்க்குதுண்ணே. கொஞ்சம் பொறுக்கலாம்."

"சாரத்துல நிக்கத் தெரியாதவன் எனக்குச் சுவரைப் பத்திச் சொல்லித் தர்றான்."

கொத்தனார்கள் சிரித்தார்கள். படக்காரரும் சேர்ந்து சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பெட்டிகள் இரும்பு அலமாரிகளில் ஏறின. கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை அண்ணன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து விழாவன்று கதவைத் திறந்ததும் பூஞ்சை நாற்றம் மூக்கைத் துளைத்தது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டுக்கட்டாகச் செங்கல் மாதிரி இறுகியிருந்தன. வந்தவர்கள் எட்டிப் பார்க்க, அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவனை நம்பி ஒப்படைச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

எல்லோரும் நம்பினார்கள். படக்காரர் மணிக்கூண்டுப் படம் இருந்த கட்டை எடுத்துப்போய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். மணிக்கூண்டு முழுசாக வந்தது. ஈரம் ஓரத்திலிருந்துதானே ஏறும். இடது ஓரம் உரிந்துபோய் வெறும் வெள்ளையாக இருந்தது.

அண்ணன் வந்து பார்த்தார். விழாவில் கொடுத்ததுபோக மிஞ்சியிருந்த ஒரே போஸ்ட் கார்டை நீட்டினார்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கே? அதே படம்தானே, வெச்சுக்கோ."

படக்காரர் வாங்கிப் பார்த்தார். பென்சில் கோடு விழுந்த இடத்தில், சட்டியைப் பிடிக்கத் தூக்கிய கையில் முழங்கை மட்டும் வெட்டுப்படாமல் தப்பியிருந்தது. அதன்மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை.

அண்ணன் குனிந்து பார்த்தார். "என்னடா அது, கையா? கவனிக்காம விட்டுட்டேனே. குடு, அச்சகத்துல காட்டி அடுத்த தடவை இதையும் வெட்டச் சொல்லணும்."

படக்காரர் கொடுத்துவிட்டார். அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.